லாக் புக்கில் ‘ஃபால்ஸ்’ என்று எழுதி மூடிவிடாதீர்கள்: அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மும்பை அணுசக்தி நகரில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், கூடங்குளத்தில் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காகவும் பிறகு ஃபோர்மேனாகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அணுமின் நிலையத்தில் வேலை பார்த்ததில்லை. என் காலமெல்லாம் ரசாயன ஆலைகளில் போனது. ஆனால் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், லெவல் ஸ்விட்ச், ரிலே, சோலினாய்டு வால்வு இவையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒரே குணம்தான். அவற்றுக்கு வரும் நோயும் ஒன்றுதான். அதில் ஒரு நோயைப் பற்றித்தான் இந்த மடல்: வெளியிலிருந்து வரும் காந்தப்புலமும் ரேடியோ அலையும் நல்ல கருவியையும் பொய் சொல்ல வைக்கும் நோய்.

முதலில் ஒரு சம்பவம். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் பக்கவாட்டில் மட்டம் காட்டும் குழாய் இருந்தது. குழாய்க்குள் ஒரு மிதவை, மிதவைக்குள் ஒரு காந்தம். குழாய்க்கு வெளியே ரீட் ஸ்விட்ச். மிதவை மேலே ஏறும்போது அதன் காந்தம் ஸ்விட்சை மூடும்; “தண்ணீர் இருக்கிறது, பம்ப் ஓடலாம்” என்று அர்த்தம். மிதவை கீழே இறங்கும்போது ஸ்விட்ச் திறக்கும்; பம்ப் நின்றுவிடும். இதைவிட எளிமையான பாதுகாப்பு இருக்க முடியாது.

ஒரு ராத்திரி ஷிப்டில் பம்ப் தண்ணீர் இல்லாமலே ஓடி, சீல் கருகி, நாற்றம் வந்த பிறகுதான் ஆட்கள் ஓடிப்போய் நிறுத்தினார்கள். காலையில் நான் போய் ஸ்விட்சைக் கழற்றி மேஜையில் வைத்து சோதித்தேன். நன்றாக வேலை செய்தது. இருந்தாலும் புதிது மாற்றினோம். லாக் புக்கில் “லெவல் ஸ்விட்ச் ஃபால்ஸ், மாற்றப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துதான் அது.

இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் ஹெல்பர் ஒருவர் வால்வு பேக்கிங் மாற்றிக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்காக ஒரு டார்ச்சை ஒட்டி வைத்திருந்தார். அடியில் காந்தம் வைத்த டார்ச். மட்டக் குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதில் காந்தம் ஒட்டாது; அதனால் ஸ்விட்சுக்கு இரண்டு விரல் தள்ளி இருந்த இரும்பு ஆங்கிளில் ஒட்டியிருந்தார். எனக்குப் பொறி தட்டியது. “அண்ணே, முந்தாநாள் ராத்திரியும் இங்கேதான் வச்சீங்களா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். மிதவை இறங்கிப் போன பிறகும் அந்த டார்ச்சின் காந்தம் ஸ்விட்சை மூடியே பிடித்து வைத்திருந்தது. ஷிப்ட் முடிந்ததும் டார்ச் அவருடைய பைக்குள் போய்விட்டது. காரணமும் அதோடு வீட்டுக்குப் போய்விட்டது.

அன்றைக்கு நான் மட்டும் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால், அந்த லாக் புக்கில் இன்றைக்கும் ஒரு பொய்யான காரணம்தான் இருக்கும். நல்ல ஸ்விட்சைக் குற்றவாளியாக்கி மாற்றியதோடு முடிந்திருக்கும். யாருக்கும் காயமில்லை, போனது ஒரு சீல்தான். ஆனால் அந்தக் கையெழுத்து இன்னும் என்னை உறுத்துகிறது. காந்தப்புலமும் ரேடியோ அலையும் கருவிகளைத் தொந்தரவு செய்யும்போது இப்படித்தான் நடக்கும். வரும், கெடுக்கும், தடயம் விடாமல் போய்விடும். உடைந்த பாகம் இருக்காது, கருகிய வயர் இருக்காது. கழற்றி வந்து மேஜையில் சோதித்தால் கருவி நல்லபிள்ளை மாதிரி இருக்கும்.

இந்தத் தொந்தரவு எல்லோரும் வீட்டில் பார்த்ததுதான். முன்பு செல்போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால், மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே ஸ்பீக்கர் தட்தட்தட் என்று கத்தும். மிக்ஸி போட்டால் ரேடியோ இரையும். அது பாட்டுக்கு நேர்ந்த இடைஞ்சல், பொறுத்துக்கொள்ளலாம். அதே இடைஞ்சல் அணுஉலையின் நியூட்ரான் அளக்கும் சானலில், அதாவது அளக்கும் கருவியிலிருந்து பேனல் வரை போகும் சிக்னல் பாதையில், நேர்ந்தால் என்ன ஆகும்?

உலை தொடக்க நிலையில் இருக்கும்போது நியூட்ரானை உணரும் கருவியிலிருந்து வரும் மின்னோட்டம் 10 பிகோ ஆம்பியர் அளவுக்குக்கூட இருக்கும். அதாவது ஓர் ஆம்பியரைப் பத்தாயிரம் கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. வீட்டில் ராத்திரி எரியும் அரை வாட் எல்இடி விளக்கு இழுக்கும் மின்சாரம் இதைப் போல இருபது கோடி மடங்கு. அவ்வளவு மெல்லிய சிக்னல் ஒரு நீண்ட கேபிளில் பயணம் செய்து பேனலுக்கு வந்து சேர வேண்டும். வழியில் எங்கேயாவது ஒருவர் வெல்டிங் வைத்தால் அந்த ஆர்க்கின் இரைச்சல் இந்தக் கேபிளில் ஏறிவிடும். “நியூட்ரான் திடீரென்று கூடிவிட்டது” என்று கருவி சொல்லும். இது உலகம் முழுக்க அணுமின் நிலைய ஆட்களுக்குப் பழக்கமான தொல்லை.

உங்கள் வாரியம் அமைந்தது 1983 நவம்பர் 15. அதற்கு அடுத்த மாதமே, 1983 டிசம்பரில், அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் தன் நாட்டு நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஓர் எச்சரிக்கை அறிவிப்பு அனுப்பியது. நிலையத்துக்குள் வாக்கி டாக்கி பேசியதால் கருவிகள் தப்பாக இயங்கியிருக்கின்றன, கவனம் என்பதுதான் அதன் சாரம். ஆக உங்கள் வாரியத்துக்கு என்ன வயதோ, ஏறக்குறைய அதே வயதுதான் அந்த எச்சரிக்கைக்கும். பின்னர் 2000-இல் அதே ஆணையம் இதற்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டு, 2003-இலும் 2019-இலும் திருத்தியது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் கணக்கு. கருவியை மீட்டருக்கு 10 வோல்ட் வலிமையுள்ள ரேடியோ அலையில் சோதிக்க வேண்டும். ஆனால் நிலையத்துக்குள் அதன் அருகே 4 வோல்ட்டுக்கு மேல் வர விடக்கூடாது. நடுவில் இருக்கும் இடைவெளிதான் பாதுகாப்பு. இதை வைத்து, எத்தனை வாட் வாக்கி டாக்கி எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று யாரும் கணக்குப் போட்டுவிடலாம். 5 வாட் என்றால் சுமார் 3 மீட்டர். அதே வாக்கி டாக்கியை பேனலுக்கு ஒரு அடி தூரத்தில் பிடித்துப் பேசினால் 40 வோல்ட் வருகிறது. சோதனையில் தேறிய அளவுக்கு நாலு மடங்கு!

மூன்று மீட்டர் என்பது எவ்வளவு? ஓர் ஆள் நாலைந்து எட்டு எடுத்து வைத்தால் முடிந்துவிடும் தூரம். தரையில் மஞ்சள் கோடு போட்டால் போதும். ஆனால் அந்தக் கோட்டை ஷிப்டின் கடைசி மணி நேரத்தில், “பம்ப் ஸ்டார்ட் பண்ணலாமா” என்று கேட்டபடி பேனல் முன்னால் நிற்கும் ஆள் மதிக்க வேண்டும். அவர் ஏன் மதிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

“எங்களிடம் ஒன்றுக்கு மூன்று, நாலு சானல் இருக்கிறது, இரண்டு சேர்ந்து சொன்னால்தான் நடவடிக்கை, ஒன்று பொய் சொன்னாலும் பாதிப்பில்லை” என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஒரு கருவி தானாகக் கெட்டுப் போனால் அந்த ஏற்பாடு காப்பாற்றும். ஆனால் காந்தப்புலமும் ரேடியோ அலையும் சானல் ஒன்று, சானல் இரண்டு என்று பெயர்ப் பலகை பார்த்து வருவதில்லை. ஒரே அறையில், ஒரே கம்பெனி செய்த, ஒரே மாதிரி கார்டு போட்ட பேனல்கள் என்றால் ஒரே நொடியில் எல்லாவற்றையும் தொடும். மூன்று சாட்சிகளையும் ஒரே ஆள் மிரட்டினால் மூன்று பேரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்.

இந்தப் பொய் எந்தத் திசையில் போகும் என்பதும் முக்கியம். பெரும்பாலும் அது உலையை நிறுத்தும் திசையில்தான் போகும், வடிவமைப்பே அப்படி. கூடங்குளம் உலைகளில், உலையை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை மின்காந்தம்தான் தூக்கிப் பிடித்திருக்கிறது. மின்சாரம் போனால் பிடி விடும், தண்டுகள் தம் எடையாலேயே நான்கு நொடிக்குள் உலைக்குள் இறங்கிவிடும். இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும். காந்தத்தின் பலவீனத்தையே பாதுகாப்பாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் காரணமில்லாமல் உலை தானாக நிற்கும் ஒவ்வொரு ட்ரிப்பும் ஆயிரம் மெகாவாட்டை ஒரே நொடியில் கிரிட்டிலிருந்து பிடுங்குகிறது; குழாய்களையும் கலன்களையும் சட்டென்று குளிர வைக்கிறது. அதைவிடப் பெரிய கெடுதல் ஆட்களுக்குள் நடக்கிறது. பத்து முறை பொய்யாக அடித்த மணி பதினோராவது முறை அடிக்கும்போது, யாரும் நாற்காலியிலிருந்து அவசரமாக எழுந்திருப்பதில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். “அது சும்மா அடிக்கும் சார்” என்று சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

என் டார்ச் கதை போன பாதை எதிர்த்திசை. ஓடக்கூடாத நேரத்தில் “ஓடலாம்” என்று சொன்னது. அரிதுதான். ஆனால் 1979 மார்ச் 28 அன்று த்ரீ மைல் ஐலண்டில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். அழுத்தம் தணிக்கும் வால்வு மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ மூடிவிட்டது போலக் காட்டியது. ஏனென்றால் அந்த விளக்கு வால்வைப் பார்த்துச் சொல்லவில்லை; வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளான சோலினாய்டுக்கு மின்சாரம் போகிறதா, நின்றுவிட்டதா என்பதை மட்டும்தான் சொன்னது. சோலினாய்டு விட்டுவிட்டது; வால்வு மாட்டிக்கொண்டது. அது குறுக்கீட்டால் நடந்ததல்ல. ஆனாலும் கருவி சொன்னதை நம்பிய மனிதர்கள் எப்படித் திசைமாறிப் போவார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

சேலம் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். நம்ம சேலம் அல்ல, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கும் சேலம் அணுமின் நிலையம். 1983 பிப்ரவரி 25 அன்று முதல் உலையில் நிறுத்தச் சொல்லி தானியங்கி சிக்னல் வந்தது. தண்டுகளைப் பிடித்திருக்கும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பிரேக்கர்கள் திறக்கவில்லை. வரிசையில் இரண்டு பிரேக்கர், ஒன்று திறந்தாலே போதும், இரண்டுமே திறக்கவில்லை. காயிலுக்கு மின்சாரம் நின்றுவிட்டது, ஆனால் தேய்மானத்தாலும் எண்ணெய்ப் பசை இல்லாததாலும் உள்ளே இருந்த இயந்திரப் பகுதி இறுகிப் போயிருந்தது. ஆபரேட்டர் அரை நிமிடத்துக்குள் கையால் நிறுத்தினார். பிறகு பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: மூன்று நாள் முன்னால், 22-ஆம் தேதியும் இதேதான் நடந்திருக்கிறது. அன்றைக்கு ஆபரேட்டர் ஏறக்குறைய அதே நொடியில் கையாலும் நிறுத்திவிட்டதால், தானியங்கி வேலை செய்யவில்லை என்பதையே யாரும் கவனிக்கவில்லை. உலை நின்றுவிட்டது, எல்லாம் சரி என்று மறுபடி ஓட்டினார்கள்.

காகிதத்தில் எல்லாம் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. நான் உங்களிடம் கேட்க வந்ததும் இதைத்தான்.

இப்போது ‘காந்தம்’ என்ற சொல்லுக்கே வருகிறேன். ரேடியோ அலையைப் பற்றி ஓரளவு எல்லோரும் பேசுகிறார்கள். கனமான மின்னோட்டத்தைச் சுற்றி இருக்கும் காந்தப்புலத்தைப் பற்றிப் பேச்சு குறைவு. ஆயிரம் மெகாவாட் ஜெனரேட்டர் 24,000 வோல்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் கனத்த உலோகக் கடத்தியான பஸ் பாரில் 26,000 ஆம்பியருக்குப் பக்கமாக ஓடும். உறை இல்லாத ஒற்றைக் கம்பியாக இருந்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 5 மில்லி டெஸ்லா. திருநெல்வேலிப் பக்கம் பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோ டெஸ்லாதான். அதைப் போல 130 மடங்கு. அதனால்தான் ஒவ்வொரு பேஸுக்கும் தனித்தனி அலுமினிய உறை போடுகிறார்கள். உறையில் எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டம் உள்ளே இருப்பதன் புலத்தைப் பெரும்பாலும் அழித்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த உறையில் ஓர் இணைப்பு துருப்பிடித்தாலோ, பராமரிப்பின்போது ஒரு பட்டையைக் கழற்றி மறுபடி மாட்ட மறந்தாலோ, புலம் வெளியே கசியும். யார் கண்ணுக்கும் தெரியாது.

எங்கள் ஆலையில் அதைத் தெரிய வைத்தது ஒரு பழைய டிவி மாதிரியான மானிட்டர். கன்ட்ரோல் ரூமுக்கு நேர் கீழே ஸ்விட்ச் கியர் அறை. பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ஓரத்து மேஜையில் இருந்த மானிட்டரில் எழுத்துகள் நீருக்குள் தெரிவது போல நெளியும். ஆபரேட்டர் பையன்கள் திரையை வைத்தே “கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆயிட்டுது” என்று சொல்லிவிடுவார்கள். பிறகு எல்சிடி வந்தது, நெளிவு நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. புலம் மட்டும் அங்கேயேதான் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்த திரைதான் போய்விட்டது. அதே மேஜைக்குப் பின்னால் ரிலே ராக் இருந்ததை நான் பல தடவை நினைத்துக்கொள்வேன்.

கருவியை உள்ளே வைப்பதற்கு முன் சோதிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரப்படி, கனரக ஆலைக்கான கருவியை மீட்டருக்கு 30 ஆம்பியர் காந்தப்புலத்தில் தொடர்ந்து வைத்துப் பார்ப்பார்கள்; அணுமின் நிலையக் கருவிகளுக்கென்று தனித் தரமே இருக்கிறது. ஆனால் சோதனைச் சாலையில் கருவி புதிது. கதவு மூடியிருக்கும். கதவைச் சுற்றியிருக்கும் கடத்தும் பட்டை பளபளவென்று இருக்கும். எர்த் வயர் இறுக்கமாக இருக்கும். இருபது வருஷம் கழித்து, கடல் காற்று அடிக்கிற ஊரில், அந்தப் பட்டை எப்படி இருக்கும்? எங்கள் பக்கம் புது ஜன்னல் கம்பியே எத்தனை வருஷம் தாங்கும் என்று இங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, கேபிள் ஷீல்டு. சிக்னல் கேபிளைச் சுற்றிப் பின்னியிருக்கும் செம்பு வலையை, கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்துப் பிடிப்பான கிளாண்டில் முழு வட்டமாகப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் அந்த வலையை எலிவால் மாதிரி முறுக்கி, ஒரு லக் வைத்து, டெர்மினலில் திருகிவிடுவார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் எர்த் இருக்கிறது என்றே காட்டும். ஆனால் உயர் அதிர்வெண்ணுக்கு அந்த வால் ஒரு தடை. ஷீல்டு பாதி இருந்தும் இல்லாத மாதிரிதான். நானே இளமையில் எத்தனை வால் முறுக்கியிருக்கிறேன்! தப்பு என்று சொல்லிக்கொடுக்க ஆள் வந்தது பத்து வருஷம் கழித்துத்தான். புதிய நிலையத்தில் முதல் நாள் எல்லாம் ஒழுங்காக இருக்கலாம். ஒவ்வொரு பராமரிப்பிலும் கை மாறும்போது ஒரு வால் முளைக்கும்.

கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி. 1997-இல் அமெரிக்காவின் ஹடாம் நெக் நிலையத்தில், உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்த காலம், கட்டுப்பாட்டு அறையின் தீயணைப்புப் பேனலின் உட்புறத்தை ஒருவர் போட்டோ எடுத்தார். பிளாஷ் அடித்தது. பேனலுக்குள் இருந்த சிப் ஒன்று அந்த வெளிச்சத்தில் குழம்பி, தீயை அணைக்கும் ஹாலோன் வாயுவைத் திறந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. தீயில்லாமல், ஒரு கேமராவால். அது காந்தமும் அல்ல, ரேடியோவும் அல்ல, வெளிச்சம். ஆனால் கதவு மூடியிருக்கும்போது தேறிய கருவி, கதவு திறந்ததும் வேறு கருவி ஆகிவிடுகிறது என்பதை இது காட்டுகிறது. அந்த நாட்டு ஆணையம் இந்தச் சின்ன விஷயத்தையும் மறைக்காமல், கேமரா பிளாஷ் என்றே தலைப்புப் போட்டு எல்லா நிலையங்களுக்கும் அறிவித்தது. எனக்கு அது பெரிய காரியமாகத் தெரிகிறது.

வானத்திலிருந்து வரும் காந்தத் தொந்தரவையும் விட்டுவிட முடியாது. 1989 மார்ச் 13 அன்று வந்த சூரியப் புயலில் கனடாவின் கியூபெக் மாகாணத்து மின் கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்தது. 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். அதே புயலில், முன்னால் சொன்ன அதே சேலம் அணுமின் நிலையத்தின் பெரிய டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போனது. பூமியின் காந்தப்புலம் ஆடும்போது நீண்ட மின்கம்பிகளில் மெதுவான மின்னோட்டம் கிளம்பி, எர்த் வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் நுழைகிறது. இரும்புக் கருவுக்குள் அடங்க வேண்டிய காந்தம் வெளியே வழிந்து சுருள்களைச் சூடாக்குகிறது.

கனடா எங்கே, நாம் எங்கே என்று தோன்றலாம். பொதுவாகத் துருவத்துக்குப் பக்கத்து நாடுகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் கூடங்குளம் இருக்கும் இடம் சாதாரண இடமல்ல. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விட்டதே அதற்காகத்தான். பகல் நேரத்தில் நம் தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னாறு ஓடுகிறது. புயல் தொடங்கும் கணத்தில் பகலாக இருந்தால், காந்தப்புலத்தின் துள்ளல் இந்தக் கோட்டின் அருகில் கூடுதலாகப் பதிவாகும். இதை அளப்பதற்கென்றே திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு மையம் இருக்கிறது. உலையும் இங்கேயே, அளக்கும் விஞ்ஞானிகளும் இங்கேயே. 2024 மே மாதப் புயலின்போது லடாக் வானம் சிவந்ததைப் பத்திரிகைகளில் எல்லோரும் பார்த்தோம். அந்த இரவுகளில் கூடங்குளத்தின் டிரான்ஸ்பார்மரை எர்த்தோடு இணைக்கும் நியூட்ரலில் எத்தனை ஆம்பியர் ஓடியது? யாராவது அளந்தார்களா? அளந்திருந்தால் வெளியிடுங்கள். அளக்கவில்லை என்றால் ஒரு சென்சார் மாட்டுங்கள். அதன் விலை அந்த டிரான்ஸ்பார்மரில் ஊற்றும் எண்ணெயின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒரு பழைய சங்கதியும் நினைவுக்கு வருகிறது. பம்பாய் கொலாபாவில் புவிகாந்தம் அளக்கும் நிலையம் ஒன்று இருந்தது. 1859-இல் உலகமே பேசிய சூரியப் புயலைப் பதிவு செய்த இடம். நகரத்தில் டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டப்போகிறார்கள் என்றதும், அந்த மின்னோட்டம் தங்கள் காந்தமானியைக் கெடுத்துவிடும் என்று கணித்து, டிராம் ஓடுவதற்கு முன்பே, 1904-இல், கடல் தாண்டி அலிபாகில் புது நிலையம் அமைத்தார்கள். இரண்டு இடத்திலும் கொஞ்ச காலம் சேர்ந்தே அளந்து, கணக்கை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மாறினார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு முன் இந்த நாட்டில் இருந்தவர்களுக்கு இந்த முன்யோசனை இருந்திருக்கிறது.

சரி, என்னதான் கேட்கிறேன்?

கூடங்குளத்தில் முதல் இரண்டு உலைகள் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே மூன்று முதல் ஆறு வரை கட்டுமானம். வெல்டிங், கிரேன், புதிய கேபிள், புதிய மின்னிணைப்பு எல்லாம் ஓடும் உலைகளுக்கு அருகில். அதனால் பாதுகாப்புக் கருவிகள் இருக்கும் அறைகளில் மின்காந்தச் சூழலை முதல் நாள் அளந்தது போதாது. ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி அளக்கச் செய்யுங்கள். பஸ் பார் உறைகள், பேனல் கதவுப் பட்டைகள், ஷீல்டு முனைகள் இவற்றைப் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்து, பார்த்தவர் பெயரோடு பதிவு செய்யச் செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த ‘ஃபால்ஸ்’ என்ற சொல். காரணம் தெரியாத ஒவ்வொரு பொய்ச் சிக்னலுக்கும், அந்த நொடியில் சுற்றுவட்டாரத்தில் என்ன நடந்தது என்று எழுதும் பழக்கம் வேண்டும். யார் பேசினார், எங்கே வெல்டிங் நடந்தது, எந்த மோட்டார் ஸ்டார்ட் ஆனது, எந்தக் கதவு திறந்திருந்தது, இடி இடித்ததா. ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் செய்ய வேண்டிய வேலை. அடுத்த நாள் கேட்டால் டார்ச் பைக்குள் போயிருக்கும். ஆண்டறிக்கையில் முக்கிய நிகழ்வுகளை நீங்கள் வெளியிடுகிறீர்கள், நன்றி. அதிலேயே மின்காந்தக் குறுக்கீடு என்று தனித் தலைப்பு போட்டு, எந்த நிலையத்தில் எத்தனை, காரணம் கண்டது எத்தனை, காணாதது எத்தனை என்று எழுதுங்கள். காணாதது பத்து என்று எழுதினாலும் நான் பயப்பட மாட்டேன். ஒன்றுமே எழுதாவிட்டால்தான் பயமாக இருக்கும். 2019 அக்டோபரில் கூடங்குளம் கணினியில் வைரஸ் என்று செய்தி வந்தபோது, முதல் நாள் மறுப்பு, மறுநாள் ஒப்புதல். அந்த ஒரு நாள் இந்த ஊர்களில் உண்டாக்கிய சந்தேகம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

கடைசியாக, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். மஞ்சள் கோட்டை மிதிக்கப்போகிற கால்கள் அவர்களுடையவை. “மொபைல், வாக்கி டாக்கி கூடாது” என்ற பலகையைப் பார்த்தால், அதிகாரிகள் நம்மைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நானும் ஹெல்பராக இருந்தபோது அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஆலையில் டார்ச் சம்பவத்துக்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். ஒரு ரீட் ஸ்விட்ச், ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரு காந்த டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஷிப்ட் மாறும் இடத்தில் உட்கார்ந்தேன். டார்ச்சைப் பக்கத்தில் கொண்டு வந்தேன். தொடாமலே பல்பு எரிந்தது. நகர்த்தினேன், அணைந்தது. யாருக்கும் பாடம் நடத்தவில்லை. அந்த ஹெல்பர் அண்ணன் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, தானே இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தார். அடுத்த நாள் தன் டார்ச்சின் காந்தத்தைக் கழற்றிவிட்டு, ஒரு கொக்கி போட்டுக்கொண்டு வந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

இந்த மாதிரி ஒரு செயல்விளக்கத்தைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும், உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் காட்டுங்கள். பார்வையிட வரும் பெரிய அதிகாரிகளுக்கும் காட்டுங்கள். கையில் போனோடு பேனல் அருகே போவது பெரும்பாலும் அவர்கள்தான். ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். ரீட் ஸ்விட்சும் பேட்டரியும் பல்பும் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன.

இந்த மடலுக்குப் பதில் தமிழில் வந்தால் மகிழ்வேன். வந்ததும் எங்கள் ஊர் நூலகத்துப் பலகையில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இன்ஸ்ட்ருமென்ட் ஃபோர்மேன் ஒருவன்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்